பனைமரப் பீரங்கி

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே நடுங்கிய வருடம் அது. காவிரி ரயில் பாலத்தைக் காக்க ஒரு ஹவில்தார் வந்தார். அவருக்குப் பீரங்கி வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எங்களைக் கொண்டே ஒரு பனைமரத்தைச் சாய்த்து, தார் பூசி, என் வண்டிச் சக்கரங்களில் ஏற்றினார். தூரத்துக்கு அசல் பீரங்கிதான்.

"ஏனுங்க, எங்க ஊட்டுப் பக்கமே நிறுத்துங்க. புள்ளைகுட்டி இருக்குதுங்க" என்று சண்டைக்கே போனேன். அவரோ ஊரையும் பாலத்தையும் விட்டு விலகியிருந்த மொட்டைப் பாறைக்கு அதை இழுக்கச் சொன்னார்.

"பாறைக்கு எதுக்குங்க காவல்?"

"காவலுக்கு இல்லம்மா. விமானக்காரன் முதல்ல பீரங்கியத்தான் அடிப்பான். பாலம் தப்பிச்சுக்கும்."

சொல்லிவிட்டு அதன் பக்கத்திலேயே படுக்கையை விரித்தார். நீங்கள் எதற்கு இங்கே என்று கேட்டேன்.

"ஆள் இல்லாட்டி பொய்னு தெரிஞ்சிடும்மா."

நேரே என் சோளக்காட்டுக்கு ஓடி, குருவி விரட்ட நட்டிருந்த வைக்கோல் பொம்மையைப் பிடுங்கி வந்தேன்.

"உங்க சட்டை ஒண்ணு குடுங்க."

அதைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர்களும் தங்கள் பொம்மைகளைத் தூக்கி வந்தார்கள். இருட்டுவதற்குள் பாறைமேல் நான்கு சிப்பாய்கள் நின்றார்கள். ஹவில்தார் எங்கள் வீட்டுக் களியைத் தின்றபடி ஊர் எல்லையிலிருந்தே காவல் பார்த்தார்.

விமானம் வரவேயில்லை. அவர் போனபின் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டேன். அவர் சட்டை போட்ட பொம்மையைப் பிடுங்க மட்டும் மனம் வரவில்லை. சோளத்தை அந்த வருடம் குருவிகள் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.