வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

செய்தி எழுதுவது எப்படி என்று கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டும் முக்கோணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். அதனால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நல்ல மார்க் வாங்கினேன், வேலைக்குப் போனேன், முப்பத்து நாலு வருஷம் பத்திரிகை டெஸ்க்கில் மற்றவர்கள் செய்தியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்து பென்ஷன் வாங்குகிறேன். கெட்டது வேறொரு குடும்பம். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

1. தலைகீழ் முக்கோணம்

எங்கள் ஊர் காரவள்ளி. கொல்லிமலை அடிவாரம். அங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழில் பட்டயப் படிப்பில் சேர்ந்தவன் அந்தக் காலத்தில் நான் ஒருவன்தான். படிப்பு முடியும் முன்பே ஊரில் 'பேப்பர்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வகுப்பு எடுத்தவர் பகலில் ஒரு பத்திரிகையில் சப்-எடிட்டர், மாலையில் எங்களுக்கு வாத்தியார். உள்ளே வந்தார், சாக்பீஸை எடுத்தார், பலகையில் ஒரு முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்டார்.

"முக்கியமானது மேலே. அதுக்குக் குறைஞ்சது அதுக்குக் கீழே. பக்கம் கட்டும்போது இடம் பத்தலேன்னா அச்சுக்கூடத்து ஃபோர்மேன் அடியிலேருந்து வெட்டுவான். படிச்சுப் பார்த்தெல்லாம் வெட்ட மாட்டான். அவனுக்கு அதுக்கு நேரம் கிடையாது. அதனால, கடைசிப் பத்தி போனாலும் பரவாயில்லேங்கற மாதிரி எழுதணும், புரியுதா?"

புரிந்தது. நோட்டில் ஸ்கேல் வைத்து முக்கோணம் போட்டுக்கொண்டேன். முதல் வரிக்கு லீட் என்று பெயர். பெரிய ஆள் யாராவது இருந்தால் லீடில் வர வேண்டும். ஊர்ஜிதம் ஆகாதது எதுவாக இருந்தாலும் கீழே போக வேண்டும். இதெல்லாம் முதல் மாதத்திலேயே மனப்பாடம்.

கோடை விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் சொந்த ஊர்ச் செய்தி ஒன்றை எழுதி, அது ஏதாவது பத்திரிகையில் அச்சாகி, அந்தக் கட்டிங்கை நோட்டில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அச்சாகாவிட்டால் மார்க் கிடையாது. காரவள்ளியில் என்ன செய்தி கிடைக்கப்போகிறது என்று கவலைப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். கடவுளே, ஒரு செய்தி கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

2. ஜீப்பில் உட்கார்ந்து எடுத்த பேட்டி

அப்போது மலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாறைக்கு வெடி வைத்துத் தகர்த்து, வளைவு வளைவாக வெட்டிக்கொண்டு மேலே போனார்கள். அடிவாரத்து ஆட்களும் மலைக்காரர்களும் கல் சுமந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, வெடி வைத்த பிறகு, எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து பாறை சரிந்தது. கீழே கல் சுமந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிணங்களை எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். இரண்டுமே அடிவாரத்து ஆட்கள். ஒருவர் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு பெயர், வயது, ஊர் என்று கேட்டு எழுதினேன். எழுதும்போதே மனசின் ஒரு மூலையில் செய்தி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் இருந்தது. பாவி மனசு, அதை எங்கே கொண்டு போய் ஒளிப்பது?

மத்தியானத்துக்கு மேல் பெரிய என்ஜினியர் ஜீப்பில் வந்தார். நான் பல்கலைக்கழக மாணவன் என்று தெரிந்ததும் ஜீப்பில் பக்கத்தில் உட்காரச் சொல்லி இங்கிலீஷில் பேசினார். இத்தனை அடி அகலம், இத்தனை வளைவு, சொன்ன தேதிக்குள் ரோடு முடியும், விபத்தால் வேலை நிற்காது. ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். மலைக்காரத் தொழிலாளி ஒருவரிடமும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஜீப்பை விட்டு இறங்கியதும் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருக்கும். மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்திருந்தாள். கையில் களி கட்டிய துணி மூட்டை. பெயர் செம்பாயி என்றாள்.

"ஏனுங்க சாமி, நீங்கதானுங்களா பேப்பர்காரரு? எங்கூட்டுக்காரரு கல்லுக்குள்ளே கெடக்கறாருங்க. சடையன்னு பேருங்க. யாரும் பாக்க மாட்டேங்கறாங்க."

நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் வேலைக்கு வந்த ஆட்களின் பெயர் எழுதும் மஸ்டர் ரோல் நோட்டை விரித்துக் காட்டினார்.

"பாருங்க தம்பி, சடையன்னு ஒரு ஆளே நம்மகிட்ட கெடையாது. மலைக்காரங்கள்ல ஒருத்தனை மட்டும் காணோம், வெள்ளையன்னு. அவனும் காய்ச்சல்ல ஊட்டுல படுத்திருக்கானாம். மலையிலிருந்து வந்தவன் இப்பத்தான் சொல்றான். ஆள் கணக்கு சரியாப் போச்சு."

"வெள்ளையன் எங்கண்ணனுங்க" என்றாள் செம்பாயி. "அண்ணனுக்குக் காய்ச்சலுன்னு இவரு அது பேருல வேலைக்கு வந்தாருங்க. நாலு நாளாச்சு. மேஸ்திரிதானுங்க சரி வான்னு சொன்னாரு."

அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்கு முடியாவிட்டால் மச்சானோ தம்பியோ அதே பெயரில் போய்க் கல் சுமப்பார். நோட்டில் பெயர் மாறாது. மேஸ்திரிகளுக்குத் தெரியும், தலை இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சட்டப்படி அது தப்பு. அன்று அதை ஒப்புக்கொண்டால் மேஸ்திரிக்கு வேலை போய்விடும்.

"பொம்பளை ஏதோ ஒளறுதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். போகிற போக்கில் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் பின்னாலேயே போய்க் கேட்கவில்லை.

"பேப்பர்ல வந்தா கவர்மெண்டே ஓடியாந்து கல்லைப் பொரட்டுமுன்னு டீக்கடைக்காரரு சொன்னாருங்க. எழுதுங்க சாமி. அவரு பேரை எழுதுங்க."

"எழுதறனுங்க அம்மிணி. கண்டிப்பா எழுதறேன்" என்றேன்.

எழுதவும் செய்தேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, கற்றுக்கொடுத்தபடியே எழுதினேன். லீடில், பெரிய என்ஜினியர் விபத்து நடந்த இடத்தைப் பார்வையிட்டார். அடுத்த பத்தியில் இறந்த இருவர். அதற்கடுத்து, ரோடு வேலை குறித்த தேதியில் முடியும். கடைசிப் பத்தியில், மேலும் ஒரு தொழிலாளி, சடையன், கற்களுக்கடியில் சிக்கியிருப்பதாக அவர் மனைவி கூறுகிறார். ஊர்ஜிதம் ஆகாத விஷயம், ஆகவே கடைசி. கவரை ஒட்டிச் சாயந்திர பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, சேலத்தில் பத்திரிகை ஆபீசில் சேர்த்துவிடச் சொன்னேன்.

3. பதினோரு வரி

புதன்கிழமை காலை பஸ்ஸில் பேப்பர் வந்தது. ஐந்தாம் பக்கம், ஓரத்தில் ஒற்றை வரிசையில், பதினோரு வரி. நான் எழுதிய வார்த்தைகள் அச்சில்! மூன்று முறை படித்தேன். அப்பா இரண்டு பிரதி வாங்கினார். மூன்றாம் முறை படித்த பிறகுதான் கடைசிப் பத்தி இல்லை என்பது உறைத்தது. ரோடு குறித்த தேதியில் முடியும் என்பதோடு செய்தி முடிந்திருந்தது.

செம்பாயி இரண்டு நாளாக ஊருக்குத் திரும்பாமல் டீக்கடை ஓரமாகவே இருந்தாள். என் கையில் பேப்பரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வந்துருச்சுங்களா சாமி?"

என் வாயில் சனியன் வந்து உட்கார்ந்தது. "வந்துருச்சுங்க" என்றேன்.

"படிங்க. அவரு பேரு வர்ற எடத்தை மட்டும் படிங்க."

படித்தேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத வரியை ஞாபகத்திலிருந்து படித்தேன். சுற்றி நாலு பேர் பார்க்க, சென்னையில் படிக்கும் பேப்பர்காரர் ஒரு வரிகூட அச்சிட வைக்க முடியாதவர் என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி" என்றாள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, கல் சரிந்த இடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.

சாயந்திரம் எங்கள் ஊட்டு வாசலில் வந்து நின்றாள். அதே பேப்பர், மடித்தது மடித்தபடி.

"இதுல அவரு பேரு இல்லையாமுங்களே, சாமி. மேஸ்திரி படிச்சுப்போட்டுச் சிரிச்சாருங்க."

"எழுதித்தான் அனுப்பினனுங்க அம்மிணி. எடம் பத்தலைன்னு வெட்டிட்டாங்க."

அவள் திட்டவில்லை. பேப்பரை விரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது.

"அதுக்கு எத்தனை எடமுங்க வேணும்?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு விரல் உயரம் இருந்தால் தாராளம்.

"அவ்வளவுதானுங்களா" என்றாள். பேப்பரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாரனுங்க" என்று சொல்லிப் போய்விட்டாள். நான் அன்றே தாலுகா ஆபீசுக்கு ஓடியிருக்கலாம். சேலத்துக்கே போய் டெஸ்க்கில் சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வெட்கமாக இருந்ததால் ஊட்டுக்குள்ளேயே கிடந்தேன். கட்டிங்கை மட்டும் நோட்டில் ஒட்டினேன்.

காய்ச்சல் விடாத வெள்ளையனும் இன்னும் நாலு மலைக்காரர்களும் கடப்பாரையோடு இறங்கி வந்தார்கள். வெடி வைக்கிற இடம் என்று காவல்காரர்கள் விடவில்லை. மலை ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் திரண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் விட்டார்கள். சடையன் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஆள் உட்காரும் அளவு சந்து இருந்ததாம். அதில் இருந்தார்.

பிணத்தைப் பார்த்துப் பஞ்சநாமா அறிக்கை எழுதிய போலீஸ்காரர் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "வலது தொடையில துண்டை இறுக்கிக் கட்டியிருக்காரு, தம்பி. ரெண்டு முடிச்சு. உடனே போன உசுரு இல்லீங்க."

எத்தனை நேரம் இருந்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆறு நாளில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இன்றுவரை தெரியாது.

அதையும் எழுதி அனுப்பினேன். சேலத்திலிருந்து கார்டு வந்தது: 'சம்பவம் பழையதாகிவிட்டது. புதிய செய்திகள் அனுப்பவும்.' வகுப்பு திறந்ததும் வாத்தியார் என் கட்டிங்கைப் பார்த்துவிட்டுப் பத்துக்கு எட்டு போட்டார். பக்கத்தில் சிவப்பு மையில் 'லீட் நன்று' என்று எழுதியிருந்தார்.

4. பாடம்

வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். முக்கியமானது மேலே என்று அவர் சொன்னது சரிதான். எது முக்கியம் என்று காரவள்ளிக்கு வந்து அவரா சொல்ல முடியும்? ஜீப்பில் உட்கார்ந்திருந்தவன் நான். களி மூட்டையோடு நின்றவளைப் பார்த்தவனும் நான்தான்.

டெஸ்க்கில் இருந்த காலமெல்லாம் எந்த நிருபரின் செய்திக் காப்பி வந்தாலும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். சின்னப் பையன்கள் சிரிப்பார்கள். "சாரு அடியில ராகுகாலம் போட்டிருக்கான்னு பாக்கறாரு" என்று கிண்டல் செய்வார்கள். நானும் கூடச் சிரிப்பேன். பக்கம் தாமதமாகிறது என்று ஃபோர்மேன் கத்துவார். கத்தட்டும் என்று படித்து முடித்த பிறகுதான் வெட்டக் கொடுப்பேன். ஊர்ஜிதம் ஆகவில்லை என்று நிருபர் சொன்னால், அப்படியானால் கீழே போடாதே, போய் ஊர்ஜிதம் பண்ணு என்று விரட்டுவேன். அதனால் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். இருக்கட்டும்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினோரு வரிக் கட்டிங் பழுப்பேறிப்போய்விட்டது. அதன் கீழே, ஓய்வு பெற்ற வருஷம், அந்தச் செய்தியைத் திரும்ப எழுதி வைத்தேன். படிக்க வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுகிறேன்:

'கொல்லிமலை ரோடு வேலையில் திங்கட்கிழமை சரிந்த பாறைகளுக்கடியில் சடையன் என்ற தொழிலாளி சிக்கியிருப்பதாக அவர் மனைவி செம்பாயி கூறுகிறார். மச்சான் வெள்ளையன் பெயரில் அவர் வேலைக்கு வந்திருந்தார். இதுவரை யாரும் அவரைத் தேடவில்லை. இந்த விபத்தில் இருவர் இறந்தனர். பெரிய என்ஜினியர் இடத்தைப் பார்வையிட்டார்.'

இடம் பத்தாவிட்டால் அடியிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள்.