ஈரத்துக்கு மேல் இழுத்த கோடு

குளியலறை யன்னலில், தண்ணீர் கசியாமல் மூலைகளை அடைக்கிற சிலிக்கன் பசை ரியூப் ஒன்று கிடக்கிறது. பாதிக்கு மேல் அப்படியே மிச்சம். வாய் இறுகிவிட்டது. அதைக் காணும்போதெல்லாம் என் மனுசியின் குரல் கேட்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சீமெந்து குழைத்துத் தொடங்கி, கோப்பாயிலும் மானிப்பாயிலும் மாடிவீடுகள் கட்டிக் கொடுத்தவன். என் கைபட்ட வீடு ஒழுகாது என்று சந்தியில் நின்று சொல்லுவேன். கனடாவிலிருந்து பிள்ளைகள் வந்தால் குளிக்கட்டும் என்று எங்கள் படுக்கையறையோடு சேர்த்து ஷவர் வைத்தேன். எங்கள் இருவருக்கும் கிணற்றடிதான். மனுசிக்கு முழங்கால் பிடித்து, வாளி இழுக்க ஏலாமல் போன பிறகே அவள் ஷவருக்குப் போனாள்.

சுவரும் நிலமும் சேருகிற மூலையில் சிலிக்கன் வெடித்திருந்ததைக் கண்டவளும் அவளே. "இஞ்சாருங்கோ, பழசைச் சுரண்டிக் காயவிட்டெல்லோ பூசவேணும்? ரண்டு நாளைக்கு எனக்குக் கிணத்தில அள்ளித் தாங்கோவன்" என்றாள். "ஊருக்கு வீடு கட்டினவனுக்கு நீ மேசன் வேலை படிப்பிக்கிறியோ?" என்றுவிட்டு, ஈரம் காயமுன்னரே பழசுக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். "ஓம், பெரிய மேசன்தான். அது தண்ணிக்கும் தெரியவேணுமே" என்று சிரித்தாள்.

தண்ணீருக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் சுவருக்கடியால் கசிந்து, படுக்கையறை வாசலில் ஊறியது. நான் உடுத்துப் பழசான சாரமொன்றை அவள் மடித்து அந்த இடத்தில் போட்டுவைத்தாள். நானும் காணாதவன்போல அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒருநாள் காலை, வீடு கட்டுவிக்க நினைத்த ஒருவர் என் வேலையைப் பார்க்க வந்தார். அவர் கண்ணில் படக்கூடாதென்று சாரத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் எறிந்தேன். வீட்டைச் சுற்றிக் காட்டி முடித்து, முன்வாசலில் நின்று "ஒரு சொட்டுக் கசியாது பாருங்கோ" என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில்தான் உள்ளே அவள் விழுந்த சத்தம் கேட்டது.

இடுப்பெலும்பு முறிந்து ஆசுப்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சாரத்தை ஆர் எடுத்தது என்று கடைசிவரை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து பிள்ளைகள் போனபின், பழசையெல்லாம் சுரண்டி எடுத்தேன். உள்ளே கறுப்பாக ஊறிப்போய்க் கிடந்தது. இரண்டு நாள் காயவிட்டுப் பூசினேன். இன்றுவரை ஒரு கீறல் இல்லை. எப்படி வெடிக்கும்? நான் கிணற்றடியில்தான் குளிக்கிறேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. மிச்ச ரியூப் யன்னலில் கல்லாகிக் கிடக்கிறது. என் வாழ்நாளில் நான் செய்த மிகத் திறமான வேலை அந்த மூலைதான். அதை ஒருவருக்கும் காட்டுவதில்லை.