இரண்டு பேரில் யாரைத் தொடுவது

பதினொன்றாம் வகுப்பில் என் நெற்றியும் எதிரணிப் பெண்ணின் மண்டையும் மோதிக்கொண்ட நொடி எனக்கு நினைவில்லை. திண்டிவனத்தில் பள்ளி மைதானத்தில் கபடிப் பயிற்சி. ரெய்டு போனது தெரியும். அடுத்து, யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். நடுவில் கொஞ்ச நேரத்தைக் காணோம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு வார ஓய்வில் வாந்தி நின்றது, தலைவலியும் குறைந்தது. பள்ளிக்குத் திரும்பிப் புத்தகத்தைத் திறந்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அது ‘ன’வா ‘ண’வா என்று விரலை வைத்துச் சுழிகளை எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் சுழி கூடிவிடும்.

அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மா, என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை படித்தேன். மறு கண்ணாலும் அப்படியே.

“ரெண்டு கண்ணும் ஷார்ப்பா இருக்குதுமா. பொண்ணுக்குப் படிக்கத்தான் சோம்பல்,” என்று கடைக்காரர் சிரித்தார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையை உதறினாள். “இன்னாத்துக்குடி பொய் சொல்லிக்கினு இருக்கற? பரீட்சைக்குப் பயமா?”

“பொய் இல்லம்மா. ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

“அப்ப அங்க மட்டும் எப்டிப் படிச்ச?”

வீட்டில் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். ஒரு கண்ணுக்கு எழுத்து ஒழுங்காக நின்றது. இரண்டையும் திறந்தால் பிரிந்தது. நல்ல கண்கள் இரண்டு சேர்ந்தால் எப்படிக் கெட்ட பார்வை ஆகும்? நானேதான் வேண்டுமென்று செய்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சந்தேகத்தில்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று விளையாட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கினேன். மூலையில் ஒருத்தி என் காலைப் பிடிக்கக் குனிந்தாள். கிட்டே போனதும் இரண்டு பேரானாள். இடப்பக்கம் இருந்தவளைத் தொட்டேன். வெறும் காற்று. மற்றவள் என் முட்டியைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்கு வந்தார். “அவ பொய் சொல்லலீங்க. ஆளே இல்லாத எடத்துல கைய நீட்னா. நானும் விசாரிக்காம எறக்கிட்டேன், என் தப்புதான். விழுப்புரத்துல கண்ணு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

அம்மா என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

விழுப்புரத்தில் என்னைப் பரிசோதித்த பெண் டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடவைத்துப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. ஒரு பேனா முனையை என் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார். “ரெண்டா ஆச்சுன்னா சொல்லும்மா.”

“ஆயிடுச்சு,” என்றேன். பேனா இன்னும் ஒரு முழத் தொலைவில் இருந்தது.

“தனித்தனியா ரெண்டும் நல்ல கண்ணுங்க. கிட்ட பாக்கறப்ப சேர்ந்து உள்ள திரும்பணும். அடிபட்டதுல அது தடுமாறுது. பொய்யில்லம்மா இது,” என்றார். கடைசி வார்த்தைகளை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கு நிம்மதியா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வண்ண மணிகள் கோத்த நூல் ஒன்றைக் கொடுத்தார். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கருகே பிடித்து, மணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விளையாட்டு கூடாது. முதல் வாரம் தலைவலி கூடியது. “மணியப் பாத்தா கண்ணு சரியாயிடுமா? எனக்கு ஒண்ணும் புரியல,” என்று அம்மா புலம்புவாள். ஆனாலும் ஒரு வேளைகூடத் தவறாமல் கடிகாரத்துடன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று மாதத்தில் பேனா மூக்கை நெருங்கும்வரை ஒன்றாகவே இருந்தது. வரிகள் அடங்கின. கொஞ்சம் கொஞ்சமாக விளையாடலாம் என்று அனுமதி கிடைத்தது.

களத்தில் மறுபடி நின்றபோது எதிரே இருந்தவள் ஒருத்திதான். அது நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கை நீளாமல் ஒரு கணம் நின்றது. ஒவ்வொரு ரெய்டிலும் அந்த ஒரு கணம்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன். “மேடம், தொடப் போறப்ப கை ஒரு நொடி நின்னுடுது. அது கண்ணா, பயமா?”

அவர் மறுபடி பேனாவை எடுத்துச் சோதித்தார். “கண்ணு நல்லா இருக்குது. மத்தத சொல்ல என்கிட்ட டெஸ்ட் இல்லம்மா.”

பள்ளி முடியும்வரை விளையாடினேன். எது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.