முதல் சுற்றில் ஏறுகிறவர்கள்

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் ஒரு ராட்டினத் தூரிக் கம்பெனியில் எஞ்சின் ஓட்டினார். எந்த ஊர்க் கோயிலில் நோம்பி சாட்டினாலும் அங்கே எங்கள் கூடாரம் இருக்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் போவோம்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். தினமும் டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் சூடம் காட்டி, முதல் சுற்றில் முதலாளியே சம்சாரத்தோடு தூரித் தொட்டியில் ஏறி உட்காருவார். அந்த அம்மாளுக்கு உயரம் என்றாலே குலை நடுங்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இறங்கும்வரை புருஷனைத் திட்டித் தீர்ப்பார். நாங்கள் கீழே நின்று சிரிப்போம். ஆனால் சம்சாரம் ஏறுகிற தூரியாயிற்றே! நடு அச்சில் லேசாகக் கிறீச்சென்றாலும், கூட்டம் காத்து நிற்கும்போதே முதலாளி தூரியை நிறுத்திவிடுவார். சரிசெய்தால்தான் மறுபடி ஓடும்.

முதலாளி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகன்களுக்குள் ஒத்துப்போகவில்லை, கம்பெனியைக் கோயமுத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அந்த மனுஷர் தூரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு மேனேஜரை அனுப்பினார். மேனேஜர் வந்ததும் தொட்டிகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசச் சொன்னார், துருவைக்கூடச் சுரண்டாமல். அச்சு கத்துகிறது, மாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். அதற்கு எஞ்சின் பக்கத்தில் இன்னொரு ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். அடப்பாவிகளா, சத்தம் கேட்காவிட்டால் அச்சு நன்றாகிவிடுமா?

முதல் சுற்று வழக்கத்தை மட்டும் மேனேஜர் விடவில்லை. "உங்க ஊட்டுக்காரம்மாவ ஏத்துங்க. பாக்கறவங்களுக்குத் தைரியம் வரும்" என்றார். அன்றிலிருந்து நான் ஏறினேன். சிரித்த முகமாக உட்கார வேண்டுமாம். தொட்டி மேலே போகப் போக, அச்சின் உதறல் கம்பி வழியாக என் கைக்கு வரும்.

"ஏனுங்க, இந்தப் பொழப்பு வேண்டாமுங்க, போயிரலாம்" என்று அழுதேன்.

"எங்க புள்ள போறது? கூடாரமே அவங்களுது" என்றார்.

அந்த வருஷம் கொழிஞ்சாம்பாறையில் சனம் தூரியை வேடிக்கை பார்த்ததே தவிர, ஏறவில்லை. மேனேஜரின் கண் என் மகள்மேல் விழுந்தது. பள்ளிக்கூடம் சேர்க்காத வயசு.

"பாப்பாவையும் உக்கார வைங்க. கொழந்தையே ஏறுதுன்னா சனம் தானா வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க கொழந்தையக் கூட்டியாந்து உக்கார வைங்களேன், பாப்போம்!" என்று கேட்டேவிட்டேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "இஷ்டமில்லீன்னா கூடாரத்தக் காலி பண்ணிக்கங்க" என்றார், டீ சொல்வதுபோல.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போய்த் தொட்டிக் கம்பியைத் திறந்தார். மகளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை கெஞ்சியும் நான் ஏற்றாத தூரி. துள்ளி ஏறி என் மடியில் உட்கார்ந்தாள்.

கம்பியைச் சாத்திக் கொக்கி போட்டது அவள் அப்பாதான். போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"விடுங்கப்பா, தூரி சுத்தட்டும்" என்றாள் மகள்.

கையை எடுத்தார். எஞ்சினை முடுக்கினார். நாங்கள் உச்சிக்குப் போவதற்குள் கீழே டிக்கெட்டுக்கு முண்டியடித்தார்கள். பொம்பளைகள் இடுப்பில் எல்லாம் பிள்ளைகள். என் மகள் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, வாங்க வாங்க என்று கையாட்டினாள்.