தாழிக்கு விட்ட இடம்

சித்தன்னவாசல் சாலையில் டீ குடிக்க இறங்குகிறேன். பக்கத்து மனையில் அஸ்திவாரக் குழிக்குள் ஒரு முதுமக்கள் தாழி பாதி தெரிகிறது. வாய் உடைந்திருப்பதால் உள்ளே எலும்புகளும் துருப்பிடித்த கத்தியும் தெரிகின்றன. மனைக்காரர் செல்வி அதைச் சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"மூடிட்டு வேலையப் பாரு. வெளிய தெரிஞ்சா வீடு நின்னுபோயிரும்" என்கிறார் கணவர்.

"வி.ஏ.ஓ.கிட்ட சொல்லிட்டேங்க. ஒரு மனுசர் படுத்திருக்காரு, அவரு மேலயா அடுப்படி கட்டுறது? வீட்ட அங்கிட்டுத் தள்ளிக் கட்டிக்கிறலாம்."

செல்வி, குழியோரம் வந்து எட்டிப் பார்க்கும் என்னிடம் திரும்புகிறார். "கத்திய எதுக்குங்க கூட வச்சிருக்காக?"

"போற எடத்துல வேணும்னுதான். வடக்க ரொம்பத் தூரத்துல, புல்வெளி நாட்டுல, சைத்தியர்னு ஒரு கூட்டம், குதிரையிலயே வாழ்ந்தவங்க. செத்தவங்களோட குதிரைகளயும் கொன்னு பொதைச்சிருக்காங்க."

"குதிரையவுமா?" குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "நல்லவேள, இவரு கத்தியோட வந்தாரு. குதிரையோட வந்திருந்தா நம்ம ஹாலும்ல போயிருக்கும்."

போனுக்குள் கணவரும் சிரித்துவிடுகிறார். "சரி, தள்ளியே கட்டு."