தங்கைக்குக் கிடைத்த பார்க்கு

எங்கள் பெரியப்பாவுக்குச் சேலத்தில் சொந்தமாக ஒரு பார்க்கு இருப்பதாகத்தான் சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது டவுனுக்கு நடுவே முனிசிபாலிட்டி வைத்திருந்த பார்க்கு. பெரியப்பா அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையில் இருந்தார். வேலியோரமாக ஒரு சின்ன ஓட்டுவீடும் கொடுத்திருந்தார்கள். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் சனத்திலிருந்து மலையிறங்கிப் போய்க் காக்கி நிஜார் போட்டவர் அவர் ஒருவர்தான்.

அப்பா மலைக்காய்ச்சலில் போன மறுவருஷம் மழை பொய்த்தது. சாமை கருகிப்போயிற்று. எனக்கு ஏழு வயதிருக்கும், தங்கைக்கு மூன்று. அம்மா மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து எங்கள் இருவருக்கும் போட்டுவிட்டு, வெந்த தண்ணீரில் உப்புப் போட்டு அவள் குடிப்பாள். அம்மாவுக்குக் கிழங்கைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் விடியற்காலையில் அம்மா எங்களுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி, "பெரியம்மா ஊட்டுக்குப் போலாம் கண்ணு. பார்க்குல ஊஞ்சல் ஆடலாம்" என்றாள். சந்தைக்குச் சுமை கொண்டுபோகிறவர்களோடு சேர்ந்து காட்டுப்பாதையில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினோம். தங்கை அம்மாவின் இடுப்பில். "கொஞ்சம் நடக்கட்டும், எறக்கி உடு" என்று கூட வந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா இறக்கிவிடவே இல்லை. பேளுக்குறிச்சியில் பஸ் ஏறினோம். சண்டைக்காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

பார்க்கைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்றுவிட்டேன். இரும்புச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல்கள், சறுக்குமரம், மேலே பீய்ச்சியடித்துக் கீழே விழும் தண்ணீர். கம்பத்தின் உச்சியில் ஒரு குழாய் பாடிக்கொண்டிருந்தது. சட்டை போட்ட பிள்ளைகள் ஓடினார்கள். அவர்களுடைய அம்மாமார் புல்லில் உட்கார்ந்து கடலை உரித்தார்கள். பகல் வேளையில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மழையில்லாதப்பவும் பூப் பூக்குமுங்களா?" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"வருசம் பூராப் பூக்கும் சாமி. வருசம் பூராப் புள்ளைங்க ஆடும். பார்க்குக்கு லீவே கெடையாது."

தங்கையை ஊஞ்சலில் உட்காரவைத்து நான் ஆட்டிவிட்டேன். அம்மா எங்களோடு ஆட வரவில்லை. கொஞ்சம் தள்ளி, பெரியம்மாவோடு நின்றாள். பெரியம்மாவுக்குப் பிள்ளையில்லை.

"ரெண்டுல பெரியவளை எடுத்துக்கிறியாக்கா? சொன்ன வேலையைச் செய்வா" என்று அம்மா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"வேண்டாம். இவ எல்லாத்தையும் நெனப்பு வெச்சிருப்பா. சின்னதுதான் சீக்கிரம் மறக்கும்" என்றாள் பெரியம்மா.

எனக்குச் சுருக்கென்றது. நினைப்பு வைத்திருப்பது கெட்ட பழக்கமா? அண்டை வீட்டில் தீப்பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்வேன் என்று அம்மா என்னை மெச்சுவாளே!

பொழுது சாய்ந்தபோது பெரியம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு பீய்ச்சியடிக்கும் தண்ணீரைக் காட்டப் போனாள். தங்கை இரண்டு கைகளையும் தட்டிச் சிரிப்பது இங்கே கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வா, போலாம்."

"பாப்பா?"

"அவ பெரியம்மா ஊட்டுலயே இருக்கட்டும். இங்க மூணு வேளையும் சோறு."

சோறு எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அவளுக்கு ஊஞ்சல், எனக்கு மலையா? கேட் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நானும் இருக்கறேன், நானும் இருக்கறேன்" என்று கத்தினேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கூட்டிப்போனாள். பஸ்ஸில் நான் அழுதேன். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கும் ஊஞ்சலாட ஆசை, யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு வருஷம் கழித்து, ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் கோயிலுக்கு வந்த பெரியம்மா, தங்கையை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாள். சடையில் ரிப்பன், காலில் செருப்பு. வாசலில் குந்தி அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். தங்கை பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"போ சாமி. சின்னம்மா கூப்புடறாங்க பாரு" என்றாள் பெரியம்மா.

தங்கை தலையை மட்டும் நீட்டி, "சின்னம்மா" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அய்யே! அது நம்ம அம்மாடி!"

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "சும்மா இரு. அவ சரியாத்தான் சொல்றா."

டவுனில் வளர்ந்தும் முறை தெரியாத பிள்ளை என்று அன்றெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் வாங்கிவந்த பாலைக் காய்ச்சித் தங்கைக்குக் கொடுத்தாள். பெரிய வீட்டு விருந்தாளிக்குக் கொடுத்தவள் மாதிரி, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்காராமல் கைகட்டி நின்றுகொண்டே இருந்தாள். அம்மா ஏன் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.