காப்பி கொட்டியதற்குப் பிறகு

முதுகுளத்தூர் சேதுபதி, வளைகுடா அரசாங்கத்தின் சென்சார் கத்தரிக்கோலை நம்பித்தான் அந்தப் படத்துக்குப் போனார்.

2004-ஆம் ஆண்டு. அமீரகத்துப் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அந்த ஊரில் ஒரு பழைய தியேட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியங்களில், எங்கிருந்தோ கிடைத்த பழைய தமிழ்ப் பிரிண்டுகளை ஓட்டும். அந்த வாரம் வந்தது, இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு ‘ஏ’ படம். நகைச்சுவையாம். போஸ்டரில் துண்டு கட்டிய கதாநாயகன் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தின் பெயர் வேண்டாம். இதைப் பெண்களும் படிப்பார்கள், ஆண்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சேதுபதிக்கு அந்தப் பெயர் மறந்ததே இல்லை. கல்யாணமான முதல் வாரத்தில் மனைவி பஞ்சவர்ணம் தானாகவே சொன்னது அது. வடபழனியில் மாமா வீட்டில் இருந்தபோது, அவளுக்கு இருபது வயசில் நடித்தது. “ஒரு படத்துல கொஞ்ச நேரம் வருவேன்” என்றாள். சேதுபதி படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே மன்னித்துவிட்டார். பெரிய மனசு. அந்த மன்னிப்பைப் பதினெட்டு வருடமாக, லீவுக்குப் போகும்போதெல்லாம், குழம்பில் உப்பு கூடினால்கூட எடுத்து நீட்டிவந்தார்.

இப்போது கேம்பில் ரூமே அந்தப் படத்துக்குக் கிளம்பியது. சாரம் கட்டும் வேலை பார்க்கிற சரவணகுமார் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். தான் மட்டும் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பஞ்சவர்ணத்தின் முகம் ரூமில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடமாக லாக்கர் கதவில் போட்டோவாக இருக்கிறாள். முத்தத்தையே வெட்டுகிற நாடு, மற்றதை விடுமா என்று தைரியம் சொல்லிக்கொண்டு, கிளம்புமுன் போட்டோவைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கதவில் வெள்ளையாக ஒரு சதுரம் மிச்சமானது.

“என்னண்ணே, மதினியக் காணோம்? கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாகளா?” என்றான் சரவணகுமார்.

“டேப்பு விட்டுப்போச்சுடா.”

தியேட்டரில் விசிலுக்குக் குறைவில்லை. ஆனால் கதாநாயகன் குளியலறைக் கதவைத் திறந்தால் அடுத்த நொடி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். கட்டிலை நெருங்கினால் பஸ் ஏறினான். கூட்டம் கொதித்தது. சேதுபதி மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளுக்குள் ஒரு சலாம் போட்டார்.

“அண்ணே, ஒண்ணு யோசிச்சீகளா? கத்தரிக்கோல் வச்சிருக்கான் பாருங்க, அந்தப் பய எல்லாத்தையும் பாத்திருப்பான்!” என்றான் சரவணகுமார்.

சேதுபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். முழுச் சேலை, கையில் காப்பித் தட்டு. கதாநாயகன் தடுக்கி விழ, காப்பி அவன் தலையில். பஞ்சவர்ணம் வாயைப் பொத்தினாள், முடியவில்லை, தோள் குலுங்கச் சிரித்தாள். நான்கு நொடி இருக்கும். படம் ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த காட்சியில் ரயில்.

சேதுபதி மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

“அந்தக் காப்பிப் பொண்ணு என்னமாச் சிரிக்குதுண்ணே! யாருன்னு தெரியல” என்றான் சரவணகுமார்.

தெரியாதுதான். லாக்கர் கதவில் இருந்தவளை யாரும் சிரித்துப் பார்த்ததில்லை. சேதுபதி உட்பட.

மானம் தப்பியது. அத்தோடு கேம்புக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தத் துள்ளல் அவரை விடவில்லை. ரயிலுக்கு முன்னால் எதை வெட்டினான்? இத்தனை நாள் நம்பிய கத்தரிக்கோலே இப்போது சந்தேகத்தைக் கிளப்பியது. தியேட்டர் வாசலிலிருந்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து ஊருக்குப் போட்டார்.

“அந்தப் படத்தப் பாத்தேன்.”

மறுமுனையில் பஞ்சவர்ணம், “நான் சிரிச்சதப் பாத்தீகளா?” என்றாள்.

“பாத்தேன். காப்பி கொட்டுனதுக்கு அப்புறம் என்ன? இங்க வெட்டிட்டான்.”

“இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேக்குறீக. அதுவும் இதத்தான் கேக்குறீக.”

“சொல்லு. அப்புறம் என்ன?”

“அப்புறம் உங்களக் கட்டிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.